தெருவில் ஒரு 'புதையல்' டப்பா: ஏலகிரி மாதிரி ஊர்களில் ஜியோகேச்சிங் விளையாடும் முன் யாரிடம் கேட்க வேண்டும்?

வார இறுதி என்றால் பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்களும் பைக்குகளும் ஏலகிரி ஏறத் தொடங்கிவிடும். 14 கொண்டை ஊசி வளைவுகள், புங்கனூர் ஏரியில் படகு சவாரி, சுவாமிமலைக்கு ஒரு நடை, இறங்கும்போது பலாப்பழம். பலருக்கும் ஏலகிரி என்றால் இவ்வளவுதான்.

ஆனால் கையில் இருக்கும் அதே போனை வைத்துக்கொண்டு ஆடும் இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்கேயோ ஒளித்து வைத்திருப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் ஆப்பில் இருக்கும். அதை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பெயர் ஜியோகேச்சிங். உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

காட்டிலோ கடற்கரையிலோ ஒளித்தால் பெரிய சிக்கல் இல்லை என்று தோன்றும். குடியிருப்புத் தெருவில், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரை ஒட்டி ஒளித்தால்? அங்கேதான் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. அதுவும் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் வட்டாரத்தில் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் கசப்பான அனுபவங்களும் இருக்கின்றன.

ஜியோகேச்சிங் எப்படித் தொடங்கியது?

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் தொழில்நுட்பம். பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தார்கள். 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000-ம் ஆண்டு மே 1-ம் தேதி, அந்தப் பிழையை நீக்கப்போவதாக அதிபர் பில் கிளிண்டன் அறிவித்தார். அன்று நள்ளிரவோடு சாதாரண ஜி.பி.எஸ். கருவிகளின் துல்லியம் பல மடங்கு கூடியது.

அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார் டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர். மே 3-ம் தேதி அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு வாளியை வைத்துவிட்டு, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், கவண், ஒரு அவரைக்கொட்டை டின் என்று சில பொருட்கள், கூடவே ஒரு குறிப்பேடு. 'எதையாவது எடுத்துக்கொள், எதையாவது வைத்துவிட்டுப் போ' என்பதுதான் விதி. மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஒரு இணையதளம் தொடங்கினார். அப்போது உலகத்தில் இருந்ததே 75 டப்பாக்கள்தான். இன்று சியாட்டிலில் இயங்கும் நிறுவனம் அந்தத் தளத்தை நடத்துகிறது. புதிதாக ஒளிக்கப்படும் ஒவ்வொரு டப்பாவையும் தன்னார்வப் பரிசீலகர்கள் பார்த்த பிறகே ஆப்பில் வெளியிடுகிறார்கள்.

விதிகள் என்ன சொல்கின்றன?

விளையாட்டுக்கு எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. முக்கியமானவை இவை:

• இடத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.
• பள்ளம் தோண்டிப் புதைக்கக் கூடாது. மரத்தில் ஆணி அடிப்பது, சுவரில் துளை போடுவது கூடாது.
• இரண்டு டப்பாக்களுக்கு இடையே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும்.
• உணவுப் பொருள், மது, ஆயுதம், பட்டாசு உள்ளே இருக்கக் கூடாது.
• பள்ளிக்கூடம், ராணுவ இடம், பாலம், அணை மாதிரியான இடங்களைத் தவிர்க்க வேண்டும்.
• ஒளித்தவரே தொடர்ந்து பராமரிக்க வேண்டும். உடைந்தால் மாற்ற வேண்டும், ஆட்டம் முடிந்தால் எடுத்துச் செல்ல வேண்டும்.

படித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுமதி வாங்கியாகிவிட்டது என்று படிவத்தில் டிக் செய்வது ஒளிப்பவர்தான். பரிசீலகர் வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்கிறார். அத்தனாவூரில் ஒரு சந்து எவ்வளவு அகலம், அங்கே யார் திண்ணை எங்கே முடிகிறது என்பது அவருக்குத் தெரியாது.

5 மீட்டர் என்றால் எவ்வளவு?

திறந்த வானத்தின் கீழ் ஒரு ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டும். மரமும் கட்டடமும் நெருங்கினால் இன்னும் தள்ளிப் போகும்.

பெரிய பூங்காவில் 5 மீட்டர் ஒரு விஷயமே இல்லை. ஆனால் நம் ஊர்த் தெருவில் 5 மீட்டர் என்றால் அடுத்த வீட்டு வாசல். டப்பா பொதுச்சுவரில் இருக்கும், போன் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையைக் காட்டும். தேடி வருபவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பார், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கைவிடுவார். ஒளித்தவர் முறையாக அனுமதி வாங்கியிருந்தாலும், அது அந்த ஒரு வீட்டோடு சரி. தேடுபவர்கள் துழாவப்போவது சுற்றியிருக்கும் நான்கு வீடுகளை.

அதனால் குடியிருப்புப் பகுதி என்றால் டப்பா இருக்கும் வீட்டில் மட்டும் கேட்டால் போதாது. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் எதிர்வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

'யாருங்க, யார் வீட்டுக்கு?'

இந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. விளையாட்டு தெரியாத பொதுமக்கள் கண்ணில் படாமல் டப்பாவை எடுக்க வேண்டும். ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த வார்த்தையில் அவர்களை 'மகிள்' என்று அழைப்பார்கள். ஆள் வந்தால் செருப்பு வார் கட்டுகிற மாதிரி குனிவது, போன் பேசுகிற மாதிரி நடிப்பது எல்லாம் விளையாட்டின் ஒரு பகுதி.

இப்போது இதைத் தெருவில் இருப்பவர் பக்கத்திலிருந்து பாருங்கள். தெரியாத முகம். நேராகப் பார்க்கவில்லை. யாராவது வந்தால் நகர்ந்துகொள்கிறார், போனதும் திரும்பி வருகிறார். சுவர் இடுக்கில் எதையோ துழாவுகிறார். வீட்டுப் பக்கம் போனைத் திருப்புகிறார். நோட்டம் பார்க்கும் திருடன் எப்படி நடந்துகொள்வான் என்று நினைக்கிறோமோ, அப்படியேதான் இருக்கிறது.

சின்ன ஊரில் இதற்கு முதல் எதிர்வினை ஒரு கேள்வி: "யாருங்க, யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" அது சாதாரண விசாரிப்பு. பதில் ஒழுங்காக வந்தால் தண்ணீர் கொடுத்து வழியும் சொல்லி அனுப்புவார்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கதை மாறும்.

2018 கோடையில் என்ன நடந்தது?

எவ்வளவு தூரம் மாறும் என்பதை இந்த வட்டாரம் 2018-ல் பார்த்தது. குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் நுழைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஆடியோவும் வீடியோவும் பரவின. ஏப்ரல் இறுதியில் வேலூர் மாவட்டம் குடியாத்தம் அருகே, இந்தி பேசிய ஒருவரைக் கடத்தல்காரர் என்று நினைத்து ஊர்மக்கள் அடித்தே கொன்றார்கள்.

மே 9-ம் தேதி, ஜவ்வாது மலைக்குக் கிழக்கே போளூர் அருகேயுள்ள அத்திமூரில் அடுத்த கொடுமை. குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பம் வழி கேட்பதற்காக நின்றது. அங்கே இருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வதந்தி பரவி, கூட்டம் கூடி, சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கூட வந்தவர்கள் படுகாயமடைந்தனர். அதே மாதம் பழவேற்காட்டிலும் ஓர் உயிர் போனது.

இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது இதற்குப் பிறகு, அந்த ஆண்டு ஜூலையில்தான்.

அத்திமூருக்கு வந்தவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒளிந்து தேடவும் இல்லை, வெளிப்படையாக வழிதான் கேட்டார்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால், வீட்டு வாசலில் பதுங்கிப் பதுங்கித் தேடுகிற, பொம்மையும் ஸ்டிக்கரும் நிறைந்த டப்பாவைக் கையில் வைத்திருக்கிற ஓர் அந்நியர் எப்படித் தெரிவார்? வதந்திக்குத் தலையாட்டிய கூட்டம் செய்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் விளையாட்டின் விதி எழுதப்பட்ட இடம் வேறு, விளையாடப்படும் இடம் வேறு என்பதை இங்கே மறக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. டப்பாவை ஒளித்தவர் ஞாயிறு இரவே பெங்களூரு போய்விடுவார். திங்கள்கிழமை அந்த டப்பா யார் கண்ணிலாவது பட்டால், சந்தேகம் அவர் மேல் விழாது. தெருவில் அன்று புதிதாகத் தெரிந்த முகம் யாருடையதோ, அவர் மேல்தான் விழும். கட்டட வேலைக்கு வந்த வடமாநில இளைஞர், துணி விற்க வந்த வியாபாரி, பழைய இரும்பு வாங்குபவர். குடியாத்தத்தில் உயிரிழந்ததும் வெளியிலிருந்து வந்த ஒருவர்தான்.

கேட்பாரற்ற டப்பா ஏன் பயமுறுத்துகிறது?

'கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள்' என்ற அறிவிப்பைக் கேட்காமல் ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் நிற்க முடியாது. 1985 மே மாதம் டெல்லியில் டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்குள் குண்டு வைத்தார்கள். 1998 பிப்ரவரியில் கோவை. 2014 மே 1-ம் தேதி சென்னை சென்ட்ரலில் நின்ற கவுகாத்தி ரயில். இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஏலகிரி அடிவாரத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. 2016 பிப்ரவரி 6-ம் தேதி நாட்றம்பள்ளி அருகே பாரதிதாசன் பொறியியல் கல்லூரி வளாகத்தில் திடீரென ஒரு வெடிப்பு. கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விழுந்தது விண்கல் என்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நிகழ்ந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். உலகமே ஒரு வாரம் நாட்றம்பள்ளியைப் பற்றிப் பேசியது. இப்படி ஒரு சம்பவத்தைக் கண்ணால் பார்த்த பகுதியில், மூடி போட்ட, கறுப்பு டேப் சுற்றிய டப்பா ஒன்று சுவர் இடுக்கில் இருந்தால் யாரும் அதை விளையாட்டு என்று நினைக்க மாட்டார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிறு நகரத்தில், ஒரு கஃபேவுக்கு வெளியே ஒருவர் சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு சந்தேகப்படும்படி நடந்துகொண்டதாகத் தகவல் போனது. தெருவையே காலி செய்தார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து டப்பாவை வெடிக்க வைத்த பிறகுதான் அது ஜியோகேச் என்று தெரிந்தது. அதன் பிறகு, நகர்ப்புறத்தில் வைக்கும் டப்பா உள்ளே இருப்பது தெரியும்படி இருக்க வேண்டும், வெளியே விளக்கம் எழுதியிருக்க வேண்டும் என்று பிரிட்டன் ஆட்டக்காரர்கள் விதிகளை இறுக்கினார்கள்.

போக்கிமான் கோ கற்றுக்கொடுத்தது

டப்பாவே இல்லாத விளையாட்டும் வீட்டு வாசலில் பிரச்னை செய்யும் என்பதைக் காட்டியது போக்கிமான் கோ. 2016 ஜூலையில் வெளியான இந்த ஆட்டத்தில், போன் திரையில் மட்டும் தெரியும் 'நிறுத்தங்கள்' நிஜ இடங்களில் குறிக்கப்பட்டிருந்தன. தங்கள் வீட்டுப் பக்கம் ராத்திரி பகல் பாராமல் ஆட்கள் வந்து நிற்பதாக அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர்கள் நயாண்டிக் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள்.

2019-ல் சமரசம் ஏற்பட்டது. தனி வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் இருக்கும் குறியீடு பற்றி உரிமையாளர் புகார் செய்தால், பெரும்பாலான புகார்களை 15 நாளில் தீர்க்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. 10 பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடினால் 'சுற்றியிருப்பவர்களுக்கு மரியாதை கொடுங்கள்' என்று எச்சரிக்கை வரும்படியும் செய்தது.

இந்தியாவில் பிரச்னை வேறு வடிவத்தில் வந்தது. 2016 செப்டம்பரில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு தாக்கலானது. வழிபாட்டுத் தலங்களில் ஆட்டத்தின் 'முட்டைகள்' கிடைப்பது இந்து, சமண பக்தர்களின் மனதைப் புண்படுத்துகிறது என்பது புகார். நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. அந்த ஆட்டம் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக வெளியானதே அந்த டிசம்பரில்தான். யாரோ ஒருவர் தூரத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் வைத்த புள்ளி, இங்கே ஒரு கோயிலாகவோ தர்காவாகவோ இருக்கலாம்.

மரத்தடிக் கல் எல்லாம் மறைவிடம் அல்ல

ஏலகிரிக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் மரத்தடியில் கற்களை அடுக்கி வைத்துக் கும்பிடும் இடங்கள் நிறைய. அவற்றில் சில, புதிய கற்காலத்துக் கற்கோடாரிகள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைய கருவிகளை இங்குள்ள மலைவாழ் மக்கள் சாமியாக வழிபடுகிறார்கள். சுற்றுப்பகுதியில் நடுகற்களும் உண்டு.

டப்பா ஒளிக்க இடம் தேடுபவர் கண்ணுக்கு, மரத்தடியில் கிடக்கும் கல் குவியல் அருமையான மறைவிடம். இரண்டு கல்லைத் தூக்கி, டப்பாவை வைத்து, மேலே கல்லை வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் தூக்கிய கல் ஒரு குடும்பத்தின் குலசாமியாக இருக்கலாம். மஞ்சள், குங்குமம் தெரிந்தால் மட்டும்தான் சாமி என்று இல்லை. மழையில் அது கரைந்துபோயிருக்கும். கல்லை நகர்த்த வேண்டியிருந்தாலே அந்த இடம் வேண்டாம் என்று முடிவெடுப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜியோகேச்சிங்கை நேரடியாகத் தடை செய்யும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. ஒரு இடத்தின் எண்களைப் போனில் குறித்துக்கொள்வதும் குற்றமில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், வரைபடத் தகவல் சேகரிப்பில் இருந்த பல அனுமதிகளை நீக்கின. வெளிநாட்டினருக்கான கட்டுப்பாடு 1 மீட்டரைவிட நுணுக்கமான அளவீட்டுக்குத்தான். போன் அந்த அளவுக்குப் போகாது.

ஆனால் வேறு சட்டங்கள் குறுக்கே வரும்.

அத்துமீறல்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, தொந்தரவு கொடுக்கவோ நோக்கத்தோடு அடுத்தவர் இடத்தில் நுழைவதை அது குறிக்கிறது. விளையாட வந்தவருக்கு அந்த நோக்கம் இருக்காது. ஆனால் அதை விளக்க வேண்டிய இடம் காவல் நிலையமாக இருக்கும்.

பொதுத் தொல்லை: அதே சட்டத்தின் 270-வது பிரிவு. பொதுமக்களுக்கு ஆபத்தோ தொந்தரவோ ஏற்படுத்தும் செயல் இதில் வரும்.

காடு: ஏலகிரியில் ஊர் எங்கே முடிகிறது, காப்புக்காடு எங்கே தொடங்குகிறது என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளோடு 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. அதில் ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் உண்டு. ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அந்தப் பாதையில் ஒளிக்க வேண்டுமென்றால் கேட்க வேண்டியது வனத்துறையிடம்.

சாட்டிலைட் கருவி: வெளிநாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. சாதாரண ஜி.பி.எஸ். கருவி பிரச்னை இல்லை. ஆனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருக்கக் கூடாது. 2024 டிசம்பரில் அப்படி ஒரு கருவி வைத்திருந்ததற்காக, கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் கோவா விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார்.

சரி, குடியிருப்புப் பகுதியில் ஒளிக்கவே கூடாதா?

ஒளிக்கலாம். ஆனால் 'ஒளிப்பது' யாரிடமிருந்து என்பதில் தெளிவு வேண்டும். சக ஆட்டக்காரரிடமிருந்து மறைக்கலாம். அங்கே குடியிருப்பவரிடமிருந்து மறைக்கக் கூடாது.

கேட்டுவிட்டால் சுவாரஸ்யம் போய்விடுமே என்று சிலர் நினைக்கலாம். நடைமுறையில் இது தலைகீழ். விஷயம் தெரிந்த வீட்டுக்காரர்தான் அந்த டப்பாவுக்குக் காவல். மழையில் அடித்துப் போனால் சொல்வார், பிள்ளைகள் எடுத்தால் வாங்கி வைப்பார், தேடி வருபவரை அக்கம்பக்கத்தார் மறித்தால் 'நமக்குத் தெரிஞ்சவங்கதான்' என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தை எந்த ஆப்பிலும் கிடைக்காது.

எப்படிக் கேட்பது? நீளமான விளக்கம் வேண்டாம். "அக்கா, இது போன்ல ஆடுற ஒரு தேடல் விளையாட்டு. இந்த டப்பாவுக்குள்ள ஒரு நோட்டு மட்டும்தான் இருக்கு, நீங்களே திறந்து பாருங்க. எப்பவாவது ரெண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவாங்க. உங்க சுவத்துல வைக்கலாமா? வேணாம்னா வேணாம்." கையில் டப்பாவைக் கொடுத்துத் திறக்கச் சொல்வது முக்கியம். பாதி சந்தேகம் அங்கேயே போய்விடும். 'வேணாம்' என்றால் ஏன் என்று கேட்காமல் நகர்ந்துவிட வேண்டும்.

கேட்பது சரியான ஆளிடமா என்பதையும் பார்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர், பங்களா காவலாளி, ரிசார்ட் ஊழியர் கொடுக்கும் அனுமதி உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. பிரச்னை வந்தால் வேலை போவது அவர்களுக்குத்தான். பொது இடம் என்றால் ஏலகிரி மலை ஊராட்சியிடம் சொல்லலாம். மலை மேலேயே காவல் நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு தகவல் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது.

ஒளிப்பவர்களுக்கு:

• டப்பா உள்ளே தெரியும்படி இருக்கட்டும். கறுப்பு டேப், ஒயர், இரும்புக் குழாய் வேண்டாம். வெளியே தமிழில் எழுதுங்கள்: இது விளையாட்டுப் பொருள், ஆபத்தில்லை, தொடர்புக்கு இந்த எண்.
• மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், தெருவிளக்குப் பெட்டி பக்கமே போக வேண்டாம். அமெரிக்காவில் விளக்குக் கம்பத்தின் அடியில் ஒளிப்பது பழக்கம். இங்கே அது உயிருக்கு ஆபத்து.
• கொண்டை ஊசி வளைவின் தடுப்பில் காந்த டப்பா ஒட்ட வேண்டாம். தேடுபவர் நிற்க இடமே இருக்காது. பேருந்து திரும்பும் இடம் அது.
• குழாயடி, குளிக்கும் இடம், பெண்கள் கூடும் இடம், பள்ளி, அங்கன்வாடி, வழிபாட்டு இடம் வேண்டாம்.
• மிட்டாய் வைக்கக் கூடாது. குரங்குகள் வாசனை பிடித்து டப்பாவைக் கிழித்துவிடும். சாக்லேட் பற்றி அத்திமூர் சொன்ன பாடமும் இருக்கிறது.
• தேடலாம் என்ற நேரத்தை ஆப்பில் எழுதுங்கள். காலை 8 முதல் மாலை 5 வரை போதும்.

தேடுபவர்களுக்கு:

• பதுங்க வேண்டாம். யாராவது பார்த்தால் நேராகப் போய் வணக்கம் சொல்லி, போனைக் காட்டி விளக்குங்கள். அன்று 'ரகசியம்' போனாலும் பரவாயில்லை.
• காரை சந்துக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.
• 10 நிமிடம் தேடியும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். சுவரை, கூரையை, செடியைக் கலைக்க வேண்டாம்.
• வீடு, வண்டி எண், குழந்தைகள் தெரியும் படத்தை ஆப்பில் போடக் கூடாது.

'விடுமுறை டப்பா' ஏன் கூடாது?

சுற்றுலா போன இடத்தில் ஒரு டப்பாவை வைத்துவிட்டு வருவதை ஆட்டக்காரர்கள் 'விடுமுறை கேச்' என்பார்கள். பராமரிக்க உள்ளூரில் ஆள் இருப்பதைக் காட்டினால் ஒழிய, பரிசீலகர்கள் பொதுவாக இதை வெளியிடுவதில்லை. ஏலகிரி போன்ற வார இறுதி ஊருக்கு இந்த ஒரு விதிதான் ரொம்ப முக்கியம்.

மூன்று மாதம் கழித்து மூடி உடைந்து, நோட்டு நனைந்து, டப்பா புங்கனூர் ஏரிக்கரையில் குப்பையாகக் கிடக்கும்போது, அதை எடுக்க 160 கிலோமீட்டர் தாண்டி யாரும் வரப்போவதில்லை. பொறுக்குவது ஊராட்சித் தூய்மைப் பணியாளர்.

லாபம் ஒருவருக்கு, கழிவு இன்னொருவருக்கு என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'முன்னெச்சரிக்கையாக இரு', 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் பாலாறு மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கெடுத்த கழிவையும் ஒப்பிட முடியாது. ஆனால் கேள்வி ஒன்றேதான்: வைத்தவர் போன பிறகு, விளைவை யார் சுமப்பது? திரும்பி வந்து எடுக்க முடியாது என்றால் வைக்காமல் இருப்பதுதான் சரி.

டப்பா இல்லாமலே ஆடலாமா?

ஆடலாம். 'எர்த்கேச்' என்று ஒரு வகை இருக்கிறது. டப்பாவே கிடையாது. புவியியல் சிறப்புள்ள ஓர் இடத்துக்கு வரவழைத்து, அங்கே பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும் என்கிற மாதிரி கேள்வி கேட்க வேண்டும். அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் ஆதரவோடு 2004-ல் தொடங்கியது.

இதற்கு ஏலகிரியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. இந்த மலையின் சயனைட் பாறை சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து எழுந்த குழம்பு குளிர்ந்து உருவானது. புவியியலாளர்களின் ஆய்வுக் கட்டுரைகளில் 'ஏலகிரி' என்ற பெயர் வருவது பெரும்பாலும் இதற்காகத்தான். யார் வீட்டுச் சுவரையும் தொடாமல், பொதுச்சாலையோரம் நின்று பாறையைப் பார்த்தே இந்த ஆட்டத்தை முடிக்கலாம். அப்போதும் நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வழி, பல கட்ட ஆட்டம். கொண்டை ஊசி வளைவின் பெயர்ப்பலகையில் எந்தப் புலவர் பெயர், ஏரிக்கரைப் பலகையில் என்ன எண் என்று ஊருக்குள் பொது இடங்களில் இருக்கும் தகவல்களை மட்டும் சேகரிக்கச் சொல்லலாம். விடை சேர்த்தால் கிடைக்கும் கடைசி டப்பா, அனுமதி கொடுத்த ஒரு ரிசார்ட்டிலோ டீக்கடையிலோ இருக்கலாம். டீக்கடைக்காரருக்கும் நாலு டீ கூடுதலாக விற்கும்.

தெருவில் டப்பா ஒன்றைப் பார்த்தால்?

இது விளையாட்டே தெரியாதவர்களுக்கு. சந்தேகப்படும்படி டப்பா தெரிந்தால் தொட வேண்டாம், உதைக்க வேண்டாம், படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட வேண்டாம். தள்ளி நின்று, வெளியே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் 112-ஐ அழையுங்கள்.

அந்நியர் யாராவது சுவர் ஓரம் தேடிக்கொண்டிருந்தால், என்ன தேடுகிறார் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதற்கும் 112 இருக்கிறது. கூட்டம் கூட்டத் தேவையில்லை.